கொண்டையில் வந்த மருந்து

என் காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உண்ணியைக் கண்டுபிடித்தது அப்பாதான். டிவி பார்த்துக்கொண்டே என் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மரு என்று நினைத்தாராம். இழுத்துப் பார்த்தபோது அது கால்களை ஆட்டியது.

அப்பா கோபக்காரர் என்று எங்கள் சந்தில் பெயர் எடுத்தவர். ஆனால் அவருடைய கோபத்துக்கு ஆயுள் குறைவு. டிவியைத் தூக்கி நாலா என்கிற பெரிய சாக்கடையில் போடப்போவதாகவும், பக்கத்து வீட்டுக்காரனின் காலை உடைக்கப்போவதாகவும் அவர் சொன்னது எதுவும் நடந்ததில்லை. அதனால் அவர் கத்தினால் எனக்கோ அம்மாவுக்கோ பெரிய கவலை கிடையாது. அன்றைக்கு அவர் கத்தவில்லை. உண்ணியைத் தரையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பின் அடியால் நசுக்கினார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு ரத்தம் வந்தது. என்னுடைய ரத்தம்.

"இன்னும் எட்டு நாளு. அடுத்த திங்கக்கெழம வேலைக்குப் போவும்போது அத்த பையில போட்டு எட்த்தும்போயி யமுனா அண்ட வுட்டுட்டு வந்துருவேன்" என்றார்.

நாள் குறித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

'அது' என்று அவர் சொன்னது பில்லுவை. பில்லு எங்கள் பூனை. சாம்பல் நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. குட்டியாக இருந்தபோது ரேஷன் கடைக்குப் பின்னால் கிடந்த சிமெண்டுக் குழாயிலிருந்து நான் எடுத்து வந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. டெல்லி ஜங்புராவில் அந்தச் சாக்கடையை ஒட்டி இருந்த தமிழர் கேம்ப்பில், ஒரே அறையும் மேலே ஒரு பரணும் கொண்ட வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நாலாவதாக பில்லு வந்தது. அப்பாவுக்கு அது சனியன். எனக்கு அது எல்லாம். அம்மாவுக்கு அது என்னவாக இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால், சோறு தின்னும் இன்னொரு வாய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அது உண்மையில்லை. அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தாள். கேம்ப்பில் இதைக் கோட்டி வேலை என்பார்கள். டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அந்த வீடுகளில் அவள் பேசிய ஹிந்தி "ஹாஞ்ஜி", "நஹீஜி", "கல் ஆவூங்கி", அதாவது ஆமாம், இல்லை, நாளைக்கு வருகிறேன் என்பதோடு சரி. ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், பினாயில் வாசம் அடிக்கும் அவளுடைய காலைச் சுற்றும் பில்லுவிடம் மட்டும் சரளமாக ஹிந்தி பேசுவாள். ஆண்பாலும் பெண்பாலும் கன்னாபின்னாவென்று கலந்து கிடக்கும். "கஹா(ங்) கயீ தீ தும்? சோர் ஹை தும். தூத் நஹீ(ங்) மிலேகா." எங்கே போயிருந்தாய், திருடன் நீ, பால் கிடையாது என்று அர்த்தம். நான் சிரித்தால், "பூன தப்பு கண்டுபுடிக்காது, நீ போயி படி" என்பாள். அது தப்புக் கண்டுபிடிக்கவும் இல்லை.

அந்த ஆவணியில் மழை அதிகம். தெருநாய்கள் எல்லாம் வீட்டுப் படிகளில் வந்து படுத்தன. அவற்றின் மேலிருந்து இறங்கிய உண்ணிகள் சுவரில் வரிசையாக ஏறின. பில்லுவின் காதுக்குள், கழுத்தடியில், கால்விரல் இடுக்குகளில், கண் ஓரத்தில்கூட ஒன்று. சின்னவை மிளகு அளவு, ரத்தம் குடித்து ஊறியவை வேகவைத்த பச்சைப்பயறு அளவு. ஒரு கரண்டி மண்ணெண்ணெயை மூடியில் ஊற்றி வைத்துக்கொண்டு, நானும் அம்மாவும் தினமும் மத்தியானம் பிடுங்கிப் போடுவோம். நான் பூனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அம்மா நகத்தால் இழுப்பாள்.

"அசையாம புடி. தல உள்ள நின்னுச்சின்னா புண்ணாப்பூடும்."

முப்பது பிடுங்கினால் மறுநாள் நாற்பது இருக்கும். எதிர்வீட்டு அத்தை வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். தடவினோம். பில்லு அதை நக்கி நக்கி வாந்தி எடுத்ததுதான் மிச்சம். உண்ணிகளுக்கு வேப்பெண்ணெய் வாசனை பிடித்துவிட்டது போலிருந்தது. மண்ணெண்ணெயை அப்படியே பூசிவிடலாம் என்று சந்தில் வேறு யாரோ சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. பில்லு நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டு வந்தது. மீன் தலையைக் கண்டாலும் எழுந்து வராது. அதன் வாயைத் திறந்து பார்த்து, ஈறு வெளுத்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். எட்டு நாளில் ஐந்து இப்படியே போய்விட்டது.

மருந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அம்மா வேலை செய்த வீடுகளுக்கு நாங்களாக வைத்த பெயர்கள் உண்டு. மாடி வீடு, தாத்தா வீடு, ப்ரூனோ வீடு. ப்ரூனோ வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், கேட்டும் காவலாளியும் உள்ள ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் மூன்றாவது மாடியில் இருந்தது. ப்ரூனோ என்பது அந்த வீட்டு நாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும். முதலில் அதைக் கண்டு நடுங்கிய அம்மா, பிறகு அதைக் குளிப்பாட்டவும் ஆரம்பித்துவிட்டாள். மாதத்துக்கு ஒருநாள் அந்த வீட்டு மேடம் அலமாரியிலிருந்து பச்சை நிறத்தில் சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து, முனையைக் கத்தரித்து அம்மாவிடம் கொடுப்பார். அம்மா ப்ரூனோவின் தோள்பட்டைகளுக்கு நடுவில் முடியை விலக்கி, தோல் தெரிய, நாலு இடத்தில் ஊற்றுவாள். மேடமே ஊற்றினால் நாய் திமிறும். அம்மாவிடம் திமிறாது. "உன் கை நல்ல கை" என்று மேடம் ஹிந்தியில் சொன்னதை அம்மா எங்களிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். லீவு நாட்களில் அம்மாவோடு போய்ச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். ப்ரூனோவின் காதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு உண்ணிகூட இருக்காது.

"ம்மா, அந்த மருந்த கேளு."

"கேக்க முடியாது."

"ஏன்? அவங்க நல்லவங்கதான?"

மேடம் நல்லவர்தான். அவருடைய மகள் வளர்ந்துவிட்டதால் அவளுடைய பழைய கலர் பென்சில்களை எனக்குக் கொடுத்தவர். அம்மா மண்ணெண்ணெய் மூடியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "இன்னிக்கி நாம ஒண்ணு கேட்டம்னு வையி. நாளைக்கி அவங்க ஊட்ல எதுனா காணம்னா நம்ம மூஞ்சியத்தான் பாப்பாங்க. உனுக்குப் புரியாது" என்றாள்.

எனக்குப் புரியத்தான் இல்லை. ஆனால் அவள் எதைச் சொல்கிறாள் என்பதற்கு உதாரணம் எங்கள் எதிரிலேயே இருந்தது. எதிர்வீட்டு அத்தையும் அதே சொசைட்டியில் நாலு வீடுகளில் வேலை பார்த்தவள். அங்கே வேலைக்காரப் பெண்கள் வெளியே வரும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் பழைய துணியோ மிச்சச் சோறோ கொடுத்தால், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பர்ச்சி என்று பெயர். பர்ச்சி இல்லாத பொருள் திருட்டுப் பொருள். அத்தையின் பையில் ஒருநாள் பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டில் ஒன்று இருந்தது. பர்ச்சி இல்லை. வேலை செய்த வீட்டு அம்மாள் கொடுத்தது என்று அத்தை சொன்னாள். நான் கொடுக்கவே இல்லை என்று அந்த அம்மாள் போனில் சொல்லிவிட்டார். யார் சொன்னது நிஜம் என்பது இன்றுவரை தெரியாது. ஒரே வாரத்தில் அத்தைக்கு நாலு வீடும் போயிற்று. இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். ஷாம்பு என்ன வாசனை என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு டிபன் எடுத்துப் போகவில்லை. பில்லுவை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா பார்க்கும்போது மட்டும் அழுதேன். இதில் நான் கெட்டிக்காரி. சனிக்கிழமை ராத்திரி அம்மா எனக்கு ஊட்டிவிட வந்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "உனுக்கு இன்னாடி வேணும்?" என்றாள். "உனுக்கே தெரியும்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோட்டி வேலைக்கு ஞாயிறும் லீவு கிடையாது. அப்பாவுக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு கட்டிடத்தில் தளம் போடுகிற வேலை, விடிவதற்குள் போய்விட்டார். அம்மா வழக்கம்போல மத்தியானம் ஒன்றரைக்கு வந்தாள். வந்ததும் பையை வைக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "கதவ சாத்து" என்றாள்.

சாத்தினேன். அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள். அவளுக்கு அடர்த்தியான முடி. பிடரியில் பந்தாகச் சுற்றி, நாலு ஊசி குத்தி வைத்திருப்பாள். சுற்றுகள் பிரிந்து விழ, உள்ளேயிருந்து அந்தப் பச்சைக் குப்பி வந்தது. முனையில் பஞ்சு அடைத்திருந்தது. பாதி மருந்து இருந்தது; மற்ற பாதியை ப்ரூனோவுக்கு ஊற்றியிருக்கிறாள்.

நான் கை தட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை வித்தைக்காரர் ஒருவர் வந்து, தலைப்பாகையிலிருந்து புறாவை எடுத்துக் காட்டியிருந்தார். என் அம்மாவுக்கும் அப்படி ஒரு வித்தை தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "இன்னும் இன்னாம்மா வெச்சிருக்க உள்ள?" என்று அவள் முடிக்குள் கையை விட்டுத் துழாவினேன். அம்மா சிரிக்கவில்லை. முடியெல்லாம் மருந்து வாசம் அடித்தது.

"இத்த யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டகூட. கேட்டா பூனைக்குத் தானாப் பூடுச்சின்னு சொல்லு."

"சரிம்மா."

அவள் கை நல்ல கைதான். பில்லுவை நான் பிடித்துக்கொள்ள, தோள்பட்டைகளுக்கு நடுவில் முடியை விலக்கி, தோல் தெரிய, நாய்க்குச் செய்கிற அதே ஒழுங்கில் நாலு இடத்தில் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியில் சிந்தவில்லை. குப்பியைப் பிழிந்து கடைசித் துளிவரை ஊற்றினாள். வீணாக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். பிறகு குப்பியை அடுப்பில் போட்டு எரித்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரங்களில் ஒன்று. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். உண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்து உதிர ஆரம்பித்தன. சில மல்லாந்து கிடந்து காலை ஆட்டின. அப்பாவுக்குக் காட்டுவதற்காக அவற்றை ஒரு மூடியில் சேர்த்து வைத்தேன். மூன்று வேளை பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு வேலை இடைவெளியில் அரை மணி நேரம் தூங்குகிற வழக்கம். அன்றைக்குப் படுத்திருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது.

முதலில் பில்லுவின் காது துடித்தது. ஈ உட்கார்ந்ததாக நினைத்து விரட்டினேன். ஈ இல்லை. பிறகு முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துவிட்டதைப் போல உதறியது. முதுகுத் தோல் தானாக அலைந்தது. எழுந்து இரண்டு அடி வைத்ததும் பின்கால்கள் சரிந்தன.

"மருந்து வேல செய்யுது. அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாலரை மணிக்கு உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. அம்மா பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அது வெளியே வந்தது. அம்மா குனிந்து, "இன்னாடா கண்ணு, இன்னா பண்ணுது, சொல்லுடா" என்றாள். பில்லுவிடம் அவள் தமிழில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மேடத்துகிட்டப் போலாம்மா. அவங்களுக்குத் தெரியும்."

ஐந்து மணிக்கு அம்மா ப்ரூனோ வீட்டுச் சாயங்கால வேலைக்குப் போக வேண்டும். போகாமல் இருக்க முடியாது. நான் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டு, பில்லுவைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, பாதி ஜிப்பைத் திறந்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. பாலத்தின் நடுவில் நின்று, "சொல்லக் கூடாதது ஒண்ணு இருக்கு. நெனப்பு இருக்கில்ல?" என்றாள். தலையாட்டினேன். பைக்குள்ளிருந்த நடுக்கம் என் முதுகுவழியாக எனக்கும் வந்துகொண்டிருந்தது.

மேடம் கதவைத் திறந்தார். என் முகத்தையும் பையையும் பார்த்து, "அரே, க்யா ஹுவா?" என்றார். பூனையைப் பார்த்ததும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நல்ல புடவையோடு. ப்ரூனோவை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். நாய் டாக்டருக்கு உடனே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார். டாக்டர் ஏதோ ஊரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார், ரயில் சத்தம் கேட்டது. நடுக்கம் எப்போது ஆரம்பித்தது, எச்சில் வருகிறதா, என்ன தின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேடம் எங்களைக் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னார்.

பிறகு டாக்டர் ஒன்று கேட்டார். மேடம் அதைத் திருப்பி மெதுவாக, அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"இஸ்கே ஊபர் குச் லகாயா தோ நஹீ(ங்)? கோயி தவாயி?"

இதன் மேல் எதையாவது தடவினீர்களா, ஏதாவது மருந்து. அம்மாவுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷ ஹிந்தியில் இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுடைய கை என் பிடரியில் வந்து உட்கார்ந்தது. கிள்ளவில்லை, அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"நஹீஜி" என்றாள். "குச் நஹீ(ங்) லகாயா."

நான் அவளை அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அவளைவிட நன்றாக ஹிந்தி தெரியும். தெருவில் சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். தடவினோம் என்பதற்கு 'லகாயா' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மேடம் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குக் கலர் பென்சில் கொடுத்த மேடத்துக்கு முன்னால் நாங்கள் எதையோ எடுத்தவர்கள் ஆவது எனக்கும் பிடிக்கவில்லை என்பதை, இத்தனை வருஷம் கழித்தாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எலி மருந்து தின்றிருக்கும் என்றார் டாக்டர். காலையில் வந்து பார்க்கிறேன், அதுவரை கதகதப்பாக வைத்திருங்கள் என்றார். போன் அணைந்தது.

மேடம் ஒரு அட்டைப்பெட்டியும் பழைய கம்பளியும் கொடுத்தார். பால்கனியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள், தொட்டி நிறையப் பாத்திரம். சமையலறை ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க முடிந்தது. முழங்கைவரை சோப்பு நுரை. இரண்டு தடவை வேலையை விட்டுவிட்டு பால்கனிக்கு வந்தாள். பில்லுவின் மேல் நுரை பட்டுவிடக் கூடாது என்று, கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் அதன் தலையைத் தடவினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இவள் பொய் சொன்னாள், இவளுக்குப் பூனை செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

வேலை முடிய ஏழு மணி ஆயிற்று. இன்னும் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. பில்லுவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். அம்மா தன் பையைத் திறந்து காட்டினாள். காவலாளி என் பையைக் காட்டி, "இஸ்மே(ங்) க்யா ஹை? பர்ச்சி?" என்றான். பூனைக்குப் பர்ச்சி கேட்ட ஒரே காவலாளி டெல்லியிலேயே அவனாகத்தான் இருப்பான். நான் முதுகிலிருந்து பையை இறக்கி ஜிப்பை முழுவதும் திறந்தேன். அவன் குனிந்து பார்த்தான். துண்டை விலக்கினான். பிறகு தானே மெதுவாக ஜிப்பை மூடினான்.

"யே தோ கயா, பேட்டா" என்றான்.

போய்விட்டது என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எப்போது நடுக்கம் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது முதுகில் பை அசையாமல் இருந்ததை, பில்லு தூங்கிவிட்டதாக நினைத்து, குலுங்காமல் ஒவ்வொரு படியாக வந்திருந்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மேலே போய்க் கொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாலா ஓரத்தில் ஒரு முருங்கை மரம் இருந்தது. அதன் அடியில் அம்மாவே ஓட்டுத்துண்டால் தோண்டினாள். அப்பா வந்து கேட்டதற்கு, எலி மருந்து என்றாள். அப்பா, "தொலஞ்சுது" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். உண்ணிகள் இருந்த மூடியை நான் அவருக்குக் காட்டவில்லை.

தீபாவளி வரைக்கும் அம்மாவோடு நான் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவளும் வற்புறுத்தவில்லை. வீட்டில் அவள் ஹிந்தி பேசுவதும் நின்றது. ப்ரூனோ வீட்டில் அதன் பிறகும் ஆறு வருஷம் வேலை செய்தாள். மாதத்துக்கு ஒரு குப்பி ப்ரூனோவுக்கு ஊற்றினாள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் கையை வெகுநேரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

கேம்ப் இப்போது இல்லை, இடித்தாகிவிட்டது. முருங்கை மரமும் இல்லை. நான் ஒரு பெரிய கடையில் சாமான்களை அடுக்கும் வேலை செய்கிறேன். போன வருஷம் என்னை நாய், பூனை உணவுகள் இருக்கிற வரிசைக்கு மாற்றினார்கள். ஒருநாள் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது பச்சைக் குப்பிகள் படம் போட்ட அட்டை கையில் வந்தது. அதன் மூலையில் ஒரு பூனைத் தலை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியும் படம். உள்ளே இருந்த தாளை நின்றபடியே படித்தேன். நாய்க்கு மட்டும். பூனையின் மேல் பட்டால் நடுக்கம் வரும், உயிருக்கு ஆபத்து. பட்டுவிட்டால் தாமதிக்காமல் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவவும், உடனே மருத்துவரிடம் காட்டவும்.

அம்மா அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. மேடம் அலமாரியிலிருந்து குப்பியைத்தான் எடுத்துக் கொடுப்பார், அட்டை உள்ளேயே இருக்கும். மருந்து எங்களிடம் பர்ச்சியோடு வந்திருந்தால் அட்டையும் கூட வந்திருக்கும். கொண்டைக்குள் அட்டைக்கு இடமில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எலி மருந்து என்று அவள் நம்புகிறாளா, நம்புவதாகச் சொல்லிக்கொள்கிறாளா என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. அந்தச் சாயங்காலம் அவள் கை முழுவதும் இருந்த நுரை மட்டும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

பில்லு செத்த மறுநாள் காலையில் அம்மா கொண்டை போடவில்லை. ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு நரைத்து மெலிந்துபோன பிறகும் பின்னல்தான். ஏன் என்று பிறகொருநாள் கேட்டதற்கு, கொண்டை போட்டால் கழுத்து வலிக்கிறது என்றாள். ஆனால் அன்றைக்கு, பூனையைப் புதைத்த மறுநாளே சிங்காரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குப் பிறகு லீவு நாட்களில் அவளோடு போகும்போது பார்ப்பேன். வேலை முடிந்து கேட்டுக்கு வந்ததும், காவலாளி கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து வைப்பாள். பிறகு பின்னலை எடுத்து முன்னால், மார்பின் மேல் போட்டுக்கொண்டு, பிடரி தெரிய ஒரு தடவை திரும்பி நிற்பாள். அழகு காட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.